ரத்து, வாபஸ், இடைக்காலத் தடை: மூன்றும் ஒன்றல்ல

வக்ஃப் திருத்தச் சட்டம் தொடர்பாக உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அன்று மாலையே நம் வாட்ஸ்அப் குழுமங்களில் இரண்டு வகைச் செய்திகள் ஓடின. ஒன்று "வக்ஃப் சட்டம் ரத்து" என்றது. மற்றொன்று "வக்ஃப் சட்டத்துக்குத் தடை" என்றது. முதல் செய்தி முற்றிலும் தவறு. இரண்டாவது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பிச் செயல்படும் முத்தவல்லிக்கு ஏற்படும் நஷ்டம் முழு நஷ்டம்தான்.

ரயில் ஓடாவிட்டாலும், தேர்வு நடக்காவிட்டாலும், லைசென்ஸ் பறிபோனாலும், சட்டம் நீங்கினாலும் தமிழில் நாம் 'ரத்து' என்றே சொல்லிவிடுகிறோம். 'ரத்' என்ற அரபுச் சொல்தான் உர்தூ வழியாக நம்மிடம் வந்தது. திருப்புதல், மறுத்தல் என்பது அதன் பொருள். ஸலாமுக்குப் பதில் சொல்வதும் அரபியில் 'ரத்'தான். வாரிசுகளுக்குப் பங்கு கொடுத்தபின் மிஞ்சுவதை அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதையும் பாகப்பிரிவினைச் சட்டத்தில் 'ரத்' என்றே சொல்வார்கள். 'வாபஸ்' பாரசீகச் சொல். அதற்கும் திரும்புதல் என்றே பொருள். அகராதியில் இவை நெருங்கிய உறவுகள். சட்டத்தில் அப்படியல்ல.

இது நமக்குப் புரியாத விஷயமும் அல்ல. நிகாஹ் முறிவதைச் சொல்ல நம் ஃபிக்ஹ் நூல்கள் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில்லை. கணவன் சொன்னால் தலாக். மனைவி கேட்டு, ஈடு கொடுத்துப் பிரிந்தால் குலா. காஜி தக்க காரணம் கண்டு உறவைத் துண்டித்தால் ஃபஸ்க். மணந்தவர்கள் பால்குடி உறவினர்கள் என்று பின்னர் தெரியவந்தால் தலாக்கே தேவையில்லை. அந்த நிகாஹ் தொடக்கத்திலிருந்தே பாத்தில், அதாவது செல்லாதது. உடனே பிரிய வேண்டும். ஆனால் அறியாமல் நடந்ததால் பிறந்த குழந்தைகளின் வமிச உரிமை காக்கப்படும். கணவனும் மனைவியும் பிரிகிறார்கள் என்பதில் இந்த நான்கும் ஒன்றே. யார் பிரித்தார், எந்த நாளிலிருந்து, மஹர் என்னாகும் என்பதில் வேறு வேறு. இந்த வேறுபாட்டை அறியாதவர் ஃபத்வா கொடுத்தால் ஒரு குடும்பமே தடுமாறும்.

நாட்டின் சட்டங்களுக்கும் இதே கணக்குதான். ஒரு சட்டம் செயலிழப்பதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இயற்றிய சபையே நீக்குவது. இதுதான் முறையான ரத்து. இதற்கு நாடாளுமன்றத்தில் தனியாக ஒரு சட்டம் நிறைவேற வேண்டும். ரத்தானதால் கடந்த காலம் அழிந்துவிடாது. பழைய சட்டத்தின் கீழ் நடந்தவையும், அதனால் கிடைத்த உரிமைகளும், வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை நிலைக்கும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் ஆறாம் பிரிவில் கூறுகிறது.

இரண்டாவது, அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொல்லி வீழ்த்துவது. 'செல்லாது' என்பதே இதற்குச் சரியான சொல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்று இப்படி வீழ்ந்தது. ஆனாலும் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்ததை அறிந்து 2021-இல் உச்சநீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. இந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. செல்லாத பிரிவு அச்சிட்ட புத்தகத்தில் அப்படியே இருந்ததுதான் சிக்கல்.

மூன்றாவது, நிறுத்திவைப்பது. சட்டம் உயிரோடு இருக்கும். அதன் கை மட்டும் கட்டப்பட்டிருக்கும். இறுதித் தீர்ப்பில் கட்டு அவிழலாம்.

இந்த வேறுபாட்டை நன்றாகப் புரிந்து வைத்திருந்தவர்கள் டெல்லி எல்லையில் அமர்ந்த விவசாயிகள். மூன்று வேளாண் சட்டங்களின் அமலை 2021 ஜனவரி 12 அன்று உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. அவர்கள் கூடாரங்களைப் பிரிக்கவில்லை. நவம்பர் 19 அன்று சட்டங்கள் வாபஸ் பெறப்படும் என்று பிரதமர் அறிவித்தார். அப்போதும் எழவில்லை. நவம்பர் 29 அன்று ரத்து மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. மற்ற கோரிக்கைகளிலும் எழுத்துப்பூர்வ உறுதி வாங்கியபின், டிசம்பரில்தான் ஊர் திரும்பினார்கள். தடை, வாபஸ் அறிவிப்பு, ரத்து ஆகிய மூன்றையும் அவர்கள் ஒன்றாக எண்ணவில்லை.

இனி வக்ஃபுக்கு வருவோம். செப்டம்பர் 15 உத்தரவு சட்டம் முழுவதையும் நிறுத்தவில்லை. ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவர் என்று காட்டினால்தான் வக்ஃப் செய்ய முடியும் என்ற நிபந்தனை, அதைத் தீர்மானிக்கும் விதிகளை மாநில அரசுகள் வகுக்கும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அரசு நிலமா என்ற விசாரணை முடியும் முன்பே ஒரு சொத்தை வக்ஃப் அல்ல என்று கருதச் செய்யும் வாசகமும் நிறுத்திவைக்கப்பட்டது. முஸ்லிமல்லாத உறுப்பினர்கள் மத்திய கவுன்சிலின் 22 பேரில் நான்குக்கும், மாநில வாரியத்தின் 11 பேரில் மூன்றுக்கும் மேல் இருக்கக்கூடாது என்று வரம்பிடப்பட்டது. ஆனால் பயன்பாட்டு வக்ஃப் என்ற வகை நீக்கப்பட்டதற்குத் தடை இல்லை. பதிவுக் கட்டாயத்துக்கும் தடை இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் நம் ஜமாஅத்துகளைச் சுடும் இடம். 'உமீத்' தளத்தில் சொத்து விவரங்களை ஏற்ற ஆறு மாத அவகாசம் இருந்தது. அதை எல்லோருக்கும் பொதுவாக நீட்டிக்க டிசம்பர் 1 அன்று உச்சநீதிமன்றம் மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. "சட்டத்துக்குத்தான் தடை வந்துவிட்டதே" என்று ஆவணங்களைப் பீரோவில் பூட்டி வைத்தவருக்கு அந்தத் தலைப்புச் செய்தி பதில் சொல்லாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 2025-இல் 1923-ஆம் ஆண்டின் முசல்மான் வக்ஃப் சட்டம் தனிச் சட்டம் மூலம் ரத்தானது. இது உண்மையான ரத்து. இதைக் கேட்டு, பழைய வக்ஃபுகளே போய்விட்டன என்று அஞ்சுவோர் உண்டு. ரத்தானது ஒரு சட்டப் புத்தகம். அல்லாஹ்வுக்காக அர்ப்பணித்த சொத்தின் வக்ஃப் தன்மை அந்தப் புத்தகத்தால் பிறந்ததல்ல.

தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்து, பின்னர் வருந்தக்கூடாது என்பதே அதன் காரணம். ரத்து என்ற செய்தி வரும்போது நாம் விசாரிக்க வேண்டியவை நான்கு. செய்தது யார்: நாடாளுமன்றமா, நீதிமன்றமா, மேடையில் பேசிய அமைச்சரா? முழுச் சட்டமா, சில பிரிவுகளா? நிரந்தரமா, இறுதித் தீர்ப்பு வரையா? ஏற்கனவே நடந்தவற்றின் கதி என்ன?

இந்த நான்குக்கும் பதில் கிடைக்காதவரை, பட்டாசும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம். முத்தவல்லிகள் உத்தரவின் நகலை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, எந்தப் பிரிவு நிற்கிறது, எது ஓடுகிறது என்று கேட்டு எழுதி வாங்கிப் பள்ளிவாசல் கோப்பில் வைக்கட்டும். வக்ஃப் நம்மிடம் இருக்கும் அமானிதம். அதைப் பற்றிய செய்தியும் அமானிதமே.