சூப்பர்வைசர் பேசக் கற்றால் போதுமா?

திண்டுக்கல் வட்டார மில்களிலும் ஆடை ஆலைகளிலும் உள்ள தகராறுகளுக்கு மேனேஜர்களுக்குப் பேசத் தெரியாததே காரணம் என்கிறார்கள் மனிதவளப் பயிற்சியாளர்கள் சிலர். சங்கடமான விஷயங்களைப் பக்குவமாகப் பேச இரண்டு நாள் வகுப்பு எடுத்தால் போதுமாம். சங்கமும் ஒப்பந்தமும் வீண் தலையீடாம். இப்படிப் பேச வேண்டுமென்றால், இந்த மண்ணில் நடந்த ஒரு கொலையை மறந்தாக வேண்டும்.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். வழக்கில் கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். மாதக்கணக்கில் தொந்தரவு இருந்ததாக அந்தப் பெண்ணின் குடும்பத்தார் சொன்னார்கள். இதில் எந்த உரையாடலைப் பக்குவமாக நடத்தியிருக்க வேண்டும்? பயிற்சியாளர்கள் பதில் சொல்லட்டும்.

தையல் லைனில் நிற்கும் பெண்ணின் நிலையை இவர்கள் ஒரு கணம் யோசித்ததுண்டா? வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி வண்டியில் வருகிறாள். டார்கெட்டை ஏற்றுவதும், லீவு கொடுப்பதும், பாத்ரூம் போக விடுவதும், ஓ.டி.க்கு நிறுத்திவைப்பதும் சூப்பர்வைசர் கையில் இருக்கின்றன. அவர் குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்த்து, “உனக்கு என்னம்மா பிரச்சினை?” என்று கேட்டால் அவளால் சொல்லிவிட முடியுமா? நாளையிலிருந்து வராதே என்று சொல்லும் அதிகாரம் அவரிடமே இருக்கும்வரை, அவர் எவ்வளவு இதமாகக் கேட்டாலும் “ஒண்ணுமில்ல சார்” என்றுதான் பதில் வரும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொந்தரவு பற்றிய உள் புகார்க் குழு வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். அது வந்து ஏழு ஆண்டுக்குப் பிறகுதான் அந்தக் கொலை நடந்தது.

நிலைமையை அசைத்தது 2022 ஏப்ரலில் வந்த திண்டுக்கல் ஒப்பந்தம். நாச்சி அப்பேரலின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தோடு கையெழுத்திட்டது. ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். நிறுவனங்களும் தங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டரில் கை வைக்க வேண்டிய பொறுப்பு அவற்றுக்கு வந்தது. தொந்தரவுகளைக் கவனிக்க ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒரு கண்காணிப்பாளர், அதுவும் லைனில் வேலை பார்க்கும் பெண்களிலிருந்தே. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் எழுத்தில் வந்தது.

பயிற்சியும் அதில் உண்டு, மறுக்கவில்லை. மேனேஜர்களும் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஆனால் தவறினால் விலை கொடுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு உட்கார்ந்தார்கள். அந்தப் பின்பலத்தை வெட்டி எறிந்துவிட்டு, வகுப்பை மட்டும் எடுத்துக்காட்டிப் ‘பயிற்சி பலித்தது’ என்பது நேர்மையற்ற பேச்சு.

முதல் ஆண்டில் 185 குறைகள் எழுப்பப்பட்டன. மிகப் பெரும்பாலானவை தீர்ந்தன. பேசத் தெரியாதவர்கள் யார் என்று இப்போது சொல்லுங்கள். இந்தப் பெண்களுக்குப் பேச முன்பும் தெரியும். பேசினால் வேலை போகாது என்ற உறுதிதான் இல்லாமல் இருந்தது.

ஒப்பந்தம் தொழிலைக் கெடுக்கும் என்ற புலம்பலுக்கும் ஆதாரம் இல்லை. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை நாச்சி அப்பேரலின் சரக்கைத் தடுத்தது. செப்டம்பரில் தடை நீங்கியது. நீங்கக் காரணமாக இருந்தது இந்த ஒப்பந்தத்தின் கீழ் நடந்த சீர்திருத்தமே.

அந்த ஒப்பந்தம் ஒரே ஒரு குழுமத்தின் ஆலைகளுக்கானது. சுற்றியுள்ள எத்தனையோ ஸ்பின்னிங் மில்கள் அதற்கு வெளியேதான் நிற்கின்றன. அங்கே வகுப்பெடுக்கப் போகும் பயிற்சியாளர்கள், சங்கத்தை உள்ளே விடுங்கள் என்று முதலாளியிடம் முதலில் கேட்கட்டும். அந்த ஒரு பேச்சைப் பேசத் துணியாதவர்களுக்குக் கடினமான உரையாடல் பற்றிப் பாடம் நடத்தத் தகுதி கிடையாது.