பக்கத்து பெஞ்சில் இருந்தவன்

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வீடியோ வெளியே வந்தது. இடம், சங்கரன்கோவில் பக்கத்திலுள்ள பாஞ்சாங்குளம். தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினச் சிறுவர்களிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டாகிவிட்டது, இனி இங்கே எதுவும் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். கட்டுப்பாடு என்றால் என்னவென்றே அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. விழித்தபடி நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

அதை எடுத்தவர் கடைக்காரரே. தன் பக்கத்து ஆட்கள் பார்க்கட்டும் என்று எடுத்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்துக் கொதித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, கைது, கடைக்கு சீல் என்று அடுத்தடுத்து நடந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஒரு சிறு காட்சிக்கு அவ்வளவு வலு இருந்தது.

ஆனால் ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2023 ஆகஸ்ட் 9 இரவு, பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில், வள்ளியூர்ப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவனை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்பு பள்ளியில் நடந்ததெல்லாம் கேலியும் ஏவல் வேலையும்தான். பெரியவர்கள் கேட்டால், ‘சும்மா விளையாட்டுக்குத்தான் சார்’ என்று பதில் வரும் வகை. பொறுக்க முடியாமல் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் என்று கேட்டபோது வாயைத் திறந்து சொன்னான். சொன்னதற்குக் கிடைத்த பதில்தான் அந்த இரவு. அதிலிருந்து மீண்டு எழுந்து, 2024 பொதுத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்துக் காட்டினான் அந்தப் பிள்ளை.

இந்த இரண்டுக்கும் முன்பே, 2018 செப்டம்பரில், மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்துவிட்டது. இதே மண்ணின் பேச்சு, இதே மண்ணின் சட்டக் கல்லூரி. நாயகன் பரியனை அடிக்கிறார்கள், அவன் மேல் சிறுநீர் கழிக்கிறார்கள், பெண்கள் கழிப்பறைக்குள் தள்ளி அடைக்கிறார்கள். மகனுக்காகக் கல்லூரிக்கு வந்த தகப்பனை வேட்டியை உருவி ஓட விடுகிறார்கள். அந்தக் காட்சியில் தியேட்டரில் விசும்பல் கேட்காத ஊர் தென் மாவட்டங்களில் இருந்திருக்காது. அழுதவர்களில் எல்லாச் சாதிக்காரர்களும் இருந்தார்கள். அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனாலும் ஐந்து வருடத்தில் நாங்குநேரி நடந்தது.

படம் தோற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு படம் போலீஸ் ஸ்டேஷன் வேலையையோ பள்ளிக்கூடத்தின் வேலையையோ செய்ய முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. தியேட்டர் இருட்டில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அந்த இரண்டரை மணி நேரத்துக்குப் பரியனாகிவிடுகிறோம். அடிபடுபவனோடு அழுகிறோம், அடிப்பவனைச் சபிக்கிறோம். வகுப்பறையில் நம்மில் பெரும்பாலானோர் அடிபட்டவர்களும் இல்லை, அடித்தவர்களும் இல்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். சிலர் சிரித்தோம், சிலர் தலையைக் குனிந்துகொண்டோம். பள்ளி வன்முறையைப் பற்றிய எந்த நாடகமும் படமும் தொட வேண்டிய முதல் ஆள் அந்தப் பக்கத்து பெஞ்சுக்காரன் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ‘பரியேறும் பெருமாள்’ பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆனால் யோகி பாபு நடித்த ஆனந்த், சாதி பார்க்காமல் பரியன் பக்கத்தில் நிற்கும் அந்த நண்பன், அதிகம் பேசப்படவில்லை. அப்படி ஒரு ஆனந்த் எல்லா வகுப்பிலும் இருந்தால் பாதிச் சம்பவங்கள் நடக்கவே நடக்காது.

இது வெறும் ஆசையில்லை. கனடாவில் பள்ளி விளையாட்டு மைதானங்களை கேமரா வைத்துக் கவனித்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. சீண்டலும் அடியும் நடந்த நேரங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். 19 சதவீதத்தில் மட்டும்தான் யாராவது குறுக்கே போனார்கள். அப்படிப் போனவற்றில் 57 சதவீதம் பத்து வினாடிக்குள் நின்றுபோயின. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் 2006 முதல் உருவாக்கிய ‘கிவா’ திட்டமும் இதே இடத்தைத்தான் பிடித்தது. அடிப்பவனைத் திருத்துவதோடு நிற்காமல், சுற்றி நிற்பவர்களைப் பழக்குகிறது அது.

அழுவதில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் குறைவே இருந்ததில்லை. தென்காசி, நெல்லைக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடிய நடக்கும். அநியாயமாகச் செத்தவர்களின் கதையைப் பாடிப் பாடியே அவர்களைச் சாமியாக்கிய மண் இது. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் தொழிலை ஏற்று, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்குத் தோல் செருப்பு காணிக்கை செலுத்துகிறார்கள். ஆடி அமாவாசைக்குத் தென்காசிப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போய் அங்கே தங்குகிறார்கள். சாதியை உதறிப் போனவனைக் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்தால் ஏற்றுக்கொள்வார்கள்? கூத்து மேடையில் உருகும் மனசு விடிந்ததும் ஊர்க் கட்டுப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. இடையில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பதுதான் குறை.

பேசாமல் விட்டால் உணர்ச்சி வேறு பக்கம் ஓடும். 1992-ல் வந்த ‘தேவர் மகன்’ முடிவில், அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்கிறது. படம் சொல்ல நினைத்தது அது. ஊர்வலங்களில் ஒலித்ததோ அதன் பெருமைப் பாட்டு. 2023-ல் தன் ‘மாமன்னன்’ பட விழா மேடையில் கமல்ஹாசன் இருக்கும்போதே, ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய வலியை மாரி செல்வராஜ் சொன்னார். பெரியவர்களே இப்படி எடுத்துக்கொள்ளும்போது, செல்போனில் முப்பது வினாடித் துண்டாக அரிவாளும் பாட்டும் மட்டும் வெட்டி ஒட்டப்பட்ட ரீல்ஸ் பார்க்கும் பதிமூன்று வயதுப் பையன் எதை எடுத்துக்கொள்வான்? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனின் விரல்களை வெட்டினார்கள். அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பென்சில் தகராறுக்காக வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். இரண்டாவது சம்பவத்தில் காரணமாகச் சொல்லப்பட்டது சாதியில்லை. ஆனால் கோபம் வந்தால் பையிலிருந்து எடுக்க வேண்டியது அரிவாள் என்று அந்தப் பிள்ளை எங்கேயோ கற்றிருக்கிறான்.

வெளிநாடுகளிலும் இப்படிப்பட்ட படைப்புகளின் விளைவு ஒரே மாதிரி இருக்கவில்லை. பள்ளிக் கொடுமைக்குப் பழிவாங்கும் பெண்ணின் கதையான ‘தி குளோரி’ தொடர் 2022 டிசம்பர் முடிவில் வந்தபோது தென் கொரியா கொந்தளித்தது. மகனின் பள்ளி வன்முறை வெளியே வந்ததும், தேசிய விசாரணை அமைப்புக்குத் தலைவராக நியமிக்கப்பட்ட சுங் சுன்-சின் மறுநாளே விலகினார். தொடரின் இயக்குநர் ஆன் கில்-ஹோ மேலேயே அவருடைய மாணவப் பருவத்து வன்முறைக் குற்றச்சாட்டு எழுந்து, அவர் மன்னிப்புக் கேட்டார். வன்முறையில் ஈடுபட்ட மாணவரின் பதிவை நான்கு ஆண்டு வரை வைத்திருக்கவும் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கணக்கில் எடுக்கவும் அரசு 2023 ஏப்ரலில் முடிவெடுத்தது.

மாறாக, 2017-ல் வந்த அமெரிக்கத் தொடர் ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ மீது எழுந்த கவலை இன்றும் தீரவில்லை. அது வெளியான மறு மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதினரிடையே தற்கொலை கூடியது என்று 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. தொடர்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. அந்த ஆண்டு ஜூலையில் நெட்பிளிக்ஸ் தொடரின் தற்கொலைக் காட்சியை வெட்டி எடுத்தது. உணர்ச்சியைக் கிளறிவிட்டுப் பிள்ளையைத் தனியே விடுவதில் உள்ள ஆபத்து இது.

2025 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் தொடர் ‘அடாலசென்ஸ்’ பாடம் கற்றுக்கொண்ட படைப்பு. பதிமூன்று வயது ஜேமி வகுப்புத் தோழியைக் கொன்றதாகக் கைதாகிறான். காவல் அதிகாரிக்குக் காரணம் விளங்கவில்லை. அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்தான், இன்ஸ்டாகிராமில் வந்த எமோஜிகளுக்கு என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குச் சொல்லித் தருகிறான். எல்லாம் தெரிந்தவன் பக்கத்து பெஞ்சில் இருந்தான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. இந்தத் தொடரை பிரிட்டனின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தபோது, பார்த்த பிறகு எப்படிப் பேசுவது என்பதற்கான வழிகாட்டிக் குறிப்புகளையும் சேர்த்தே ஏற்பாடு செய்தார்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று 610 பக்க அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, பள்ளி நல அலுவலர் வேண்டும், சமூக நீதி மாணவர் படை வேண்டும் என்று போகிறது பட்டியல். கயிறு விஷயத்தில் 2019-லேயே கல்வித் துறை சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு வந்ததும் கிடப்பில் போட்டது. அன்று காட்டிய தயக்கத்தின் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். தாமிரபரணிக் கரையில் இது நூறு வருடக் கதை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து 1920-களில் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். அந்தப் பந்தியைப் பிரித்தது பிள்ளைகள் இல்லை, பெரியவர்கள்.

விதிகள் தேவை. ஆனால் கயிற்றை அறுப்பதால் மட்டும் பக்கத்து பெஞ்சுக்காரன் வாயைத் திறந்துவிட மாட்டான். அதற்குப் பழக்கம் வேண்டும். பழக்கிக் கொடுக்க நாடகத்தை விட நல்ல கருவி இல்லை. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970-களில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. கொடுமை நடக்கும் கதையை ஒருமுறை முழுக்க நடித்துக் காட்டுவார்கள். இரண்டாம் முறை நடிக்கும்போது பார்வையாளர் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு மாதிரி நடந்து காட்டலாம். மேற்கு வங்கத்தில் 1985-ல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி குழு இதைக் கிராமம் கிராமமாகச் செய்துவருகிறது. ஒரு பையன் மேடையில் ஒருமுறை ‘விடுறா அவனை’ என்று உரக்கச் சொல்லிப் பழகிவிட்டால், மைதானத்தில் சொல்வது அவனுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

தென்காசிக்கு இதற்கு வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்தில் இருந்து குற்றாலக் குறவஞ்சியை நாடகமாக எழுதிக் கொடுத்த ஊர் இது. ரசிகமணி டி.கே.சி. தன் வாழ்வின் பிற்பகுதியைக் கழித்த குற்றாலம் இது. அவருடைய ‘வட்டத்தொட்டி’ இலக்கியக் கூட்டங்களில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து, மணிக்கணக்கில் மனசு திறந்து பேசினார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாதந்தோறும் சிறார் படம் திரையிடப்படுகிறது. கலைத் திருவிழாவில் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். மேடையும் திரையும் தயார். பல இடங்களில் படம் முடிந்ததும் மணி அடித்துவிடுகிறது. அடுத்த பாட வேளையையும் அந்தப் படத்துக்கே விட்டுக்கொடுக்கலாம். தலைமை ஆசிரியரும் பி.டி. வாத்தியாரும் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையில் வட்டமாக உட்காரலாம்.

தென்காசி மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த கலைத் திருவிழாவில் பள்ளிக்கு ஒரு நாடகமாவது, பரிசுக்காக இல்லாமல், பிள்ளைகளே நிறுத்தி மாற்றிக்கொள்ளும் நாடகமாக இருக்கட்டும். பெற்றோர் இன்று மாலையே தொடங்கலாம்: உன்னை யாராவது அடித்தார்களா என்பதோடு நிறுத்தாமல், உன் வகுப்பில் யாரை எல்லோரும் ஓட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் கவலை தந்தால், குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் உதவி எண் 14417.