கத்திக்குப் பேர் வைக்கிறது வேலையா, வியாபாரமா?

எங்கள் வட்டார உழவர் கூட்டங்களில் கொஞ்ச நாளாக ஒரு கேள்வி வருகிறது. புதிதாகப் பண்ணைக்கு வந்திருக்கிற தம்பிகள் கேட்கிறார்கள்: "அண்ணே, இந்த புஷ்கிராஃப்ட் கத்தி வாங்கலாமா? தோட்டம், காடு எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்னு போட்டிருக்கான்." தடித்த பட்டை, முதுகில் ரம்பப் பல், கறுப்பு உறை, விலை சில ஆயிரம் ரூபாய். இப்படி ஒரு கத்தி இனம் உண்மையிலேயே உண்டா, இல்லை விற்பதற்காகக் கட்டிய கதையா?

என் கருத்து இதுதான். அந்த வேலை உண்மை. அந்த வேலைக்கு உருவான கத்தியும் உண்மை. ஆனால் அந்தப் பேரை ஒட்டி இன்றைக்கு நம் தலையில் கட்டுகிற சரக்கில் பாதிக்கு மேல் வெறும் வியாபாரம்.

ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா பக்கம் காட்டுவெளியை 'புஷ்' என்பார்கள். காட்டில் கிடைப்பதைக் கொண்டே தீ மூட்டவும், ஒதுங்கக் கூரை போடவும், கரண்டி செதுக்கவும் தெரிந்த கைத்திறன்தான் புஷ்கிராஃப்ட். 1980களில் இதைப் பற்றிப் புத்தகம் எழுதிய கனடாவின் மோர்ஸ் கோச்சான்ஸ்கி, சுவீடன் நாட்டு மோரா கத்தியைத்தான் பெரிதும் பரிந்துரைத்தார். மோரா என்பது ஓர் ஊர். அதை ஒட்டிய கிராமத்தில் 1891இல் எரிக் ஃப்ரோஸ்ட் தொடங்கிய தொழில் பின்னாளில் கத்திக்கே பேர் போனது. தச்சரும் உழவரும் மீனவரும் இடுப்பில் வைத்திருந்த, விலை மலிவான கத்தி அது. அன்றைக்கு யாரும் அதை புஷ்கிராஃப்ட் கத்தி என்று சொல்லவில்லை. 1990களில் இங்கிலாந்தின் ரே மியர்ஸ், ஆலன் வுட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து தனக்கென்று ஒரு கத்தியை வடிவமைத்தார். அலகு சுமார் 11 செ.மீ., கனம் சுமார் 4 மி.மீ. மியர்ஸ் தொலைக்காட்சியில் பிரபலமாக, அந்த வடிவத்தைப் பலரும் பார்த்துச் செய்தார்கள். பேரும் ஒட்டிக்கொண்டது.

இதில் உண்மையான பகுதி எது? அந்தக் கத்தியின் வாயில் இரண்டு பக்கமும் ஒரே தட்டையான சரிவு இருக்கும். சரிவைச் சாணைக்கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தானாக வந்துவிடும். புதுசாகப் பழகுகிறவரும் காட்டிலேயே கூர் ஏற்றிக்கொள்ளலாம். மரத்தை மெல்லிசாகச் சீவ அது ரொம்பத் தோது. ஈர விறகின் உள்பக்கத்தைச் சுருள் சுருளாகச் சீவித் தீ மூட்டுகிற குளிர் நாட்டில், அந்தச் சீவல் உயிர் காக்கிற வேலை. முதுகு சதுர விளிம்பாக இருந்தால், தீப்பொறிக் கம்பியை அதில் உரசலாம். எல்லாமே வேலை கேட்டு வந்த வடிவம்.

வியாபாரம் தொடங்குவது 'எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்' என்கிற இடத்தில். பட்டை 6 மி.மீ. ஆனால் சீவ வராது, ஆப்பு மாதிரி பிளக்கத்தான் செய்யும். முதுகில் இருக்கிற அந்தக் குட்டை ரம்பம் பச்சைக் கிளையில் நாலு இழுப்புக்குள் சிக்கிக்கும். வடநாட்டுக் காட்டுக்காரர்கள் கத்தியோடு கோடாலியும் ரம்பமும் கொண்டு போகிறவர்கள். சின்ன வேலைதான் கத்திக்கு.

நம்ம ஊரிலும் பேர் வேலையிலிருந்துதான் வந்தது. கதிர் அறுக்கக் கருக்கருவா, கிளை கழிக்க வெட்டருவா, எட்டாததை இழுக்கத் தொரட்டி, பாளை சீவப் பாளை அருவா. பாளை அருவாளை எடுத்து விறகு வெட்டிப் பாருங்க, பனையேறி சும்மா விடமாட்டார்!

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மரம் வெட்டினால் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆக, இங்கே வாங்குகிற அந்தக் கத்தி உங்கள் தோட்டத்தில்தான் வேலை செய்தாக வேண்டும். மூடாக்குக்குக் கிளைரிசிடியா கழிக்க, தென்னை மட்டையைத் துண்டு போட, வேலி முள்ளை ஒதுக்க, தலைப்பக்கம் கனமாக, கை வீச்சில் இறங்குகிற அருவா வேண்டும். பத்து செ.மீ. கத்தியால் ஒரு நாள் மூடாக்கு வெட்டினால் மணிக்கட்டு போய்விடும். ஒட்டுக் கட்ட, கயிறு அறுக்க, விதைக்குச்சி சீவ ஒரு சின்னக் கத்தி நல்லதுதான். அதற்கு மோரா மாதிரி எளிய கத்தியோ, பட்டறையில் அடித்த சின்னக் கத்தியோ போதும்.

எனக்குக் கவலை அந்தச் சில ஆயிரம் ரூபாய் மட்டும் இல்லை. லாரி வில்லுப்பட்டையை வெட்டிக் காய்ச்சி, உங்க கைக்கு ஏத்த மாதிரி அடிச்சுத் தர்ற ஆசாரிக்கு அந்தப் பணம் போகவில்லையே என்பதுதான். மழுங்கின அருவாளை அவர் திரும்பக் காய்ச்சி அடிப்பார். இணையக் கடை அடிக்குமா? நாலு பேர் அருவா வாங்காமல் விட்டால் அந்தப் பட்டறை மூடும். மூடினால் நம் கொழுவுக்கும் மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் போக்கிடம் இல்லை. இடுபொருளைக் கடையில் வாங்காதே, சொந்தமாகச் செய் என்று மேடை போட்டுப் பேசுகிறோம். கருவியில் மட்டும் கடைக்காரன் பேச்சைக் கேட்டால் எப்படி?

பட்டறை அருவா எல்லாமே நல்லதா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஒரு வாரம் வெட்டிப் பாருங்கள். வாய் மடங்கினால் தோய்ச்சல் பத்தவில்லை, பொறிந்து உதிர்ந்தால் தோய்ச்சல் கூடிப்போச்சு. எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னால் சரிசெய்து தருவார். அந்தப் பேச்சு நடக்கிற ஊரில்தான் நல்ல கருவி தங்கும்.

அடுத்து யாராவது கத்தி வாங்கலாமா என்று கேட்டால் மூன்றை மட்டும் கேளுங்கள். எந்த வேலைக்கு? கூர் யார் ஏற்றுவது? உடைந்தால் எங்கே கொண்டுபோவது? மூன்றுக்கும் பதில் இருந்தால் எந்த நாட்டுக் கத்தியானாலும் தாராளமாக வாங்கலாம். பதில் இல்லையென்றால், முதலில் பக்கத்து ஊர்ப் பட்டறையில் உலை இன்னும் எரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.