ஐந்தும் இரண்டும் இரண்டும்

சலோன் எனப்படும் புகைப்படப் போட்டிகளின் முடிவுகள் வெளியானதும் புகைப்பட மன்றங்களில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: அங்கே தங்கப் பதக்கம் வாங்கிய படம் இங்கே எப்படி ரிஜெக்ட் ஆனது? நடுவர்களின் ரசனை, வேண்டியவர் வேண்டாதவர் என்று ஆளுக்கொரு விளக்கம் வரும். கூட்டல் கணக்கைப் பார்ப்பவர்கள் குறைவு.

சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப்பின் ஆதரவில் நடக்கும் போட்டிகளில் வழக்கமாக ஒரு பிரிவுக்கு மூன்று நடுவர்கள். திரையில் படம் சில விநாடிகளே நிற்கும். அதற்குள் மூவரும் மதிப்பெண் போட்டுவிட வேண்டும். மூன்றையும் கூட்டி, ஒரு வெட்டுக்கோட்டை எட்டியவற்றுக்கு அக்செப்டன்ஸ், அதாவது ஏற்பு. ஐந்துக்கு மதிப்பெண் போடும் ஒரு போட்டியில் கோடு 10 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு படத்துக்கு 4, 3, 3 விழுகிறது. மொத்தம் 10, உள்ளே வந்துவிட்டது. அடுத்த படத்தைப் பார்த்ததும் ஒரு நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்து 5 போடுகிறார். மற்ற இருவரும் ஆளுக்கு 2. மொத்தம் 9, வெளியே. உள்ளே வந்த படத்தை மூவரில் யாரும் கொண்டாடவில்லை. யாருக்கும் அது உறுத்தவும் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே மதிப்பெண் வாங்கும் வித்தையில் பாதி, குறை சொல்ல இடம் கொடுக்காமல் இருப்பது. மீனைக் கவ்விக்கொண்டு இடப்பக்கம் பறக்கும் மீன்கொத்தி படம் ஒன்று. கண் ஷார்ப், கண்ணுக்குள் ஒளிப்பொட்டும் இருக்கிறது. பின்னணி வழவழவென்று ஒரே பச்சை. ஆனால் இடது மேல் மூலையில் வெயில் பட்ட இலை ஒன்று வெளுத்துத் தெரிகிறது. பறவையையே பார்த்துப் பார்த்துப் பழகிய படமெடுத்தவர் கண்ணுக்கு அது படுவதில்லை. இருட்டறையில் பெரிய திரையில் முதல்முறை பார்க்கும் நடுவரின் கண் நேரே அங்கேதான் போகிறது. 4 விழ வேண்டிய இடத்தில் 3 விழுகிறது. இயற்கைப் பிரிவில் அந்த இலையைக் குளோன் செய்து அழிக்கவும் வழியில்லை. ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் ஒத்துக்கொண்ட வரையறைப்படி, கிராப் செய்யலாமே தவிர படத்தில் இருப்பதை நீக்கக் கூடாது. கிராப் செய்தால் பறவைக்கு முன்னால் பறக்க இடம் இல்லாமல் போகும். இந்தப் படத்தின் தலைவிதி கிளிக் செய்தபோதே எழுதப்பட்டுவிட்டது.

மற்ற பாதி, பார்த்த மாத்திரத்தில் படம் புரிந்துவிடுவது. சிக்கல் இங்கேதான். சட்டென்று புரிவது பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்ததாக இருக்கிறது. மியான்மரின் இன்லே ஏரியில் ஒற்றைக் காலில் நின்று கூம்பு வலையைத் தூக்கும் மீனவர், சீனாவின் ஷியாபுவில் ஆலமரத்தடிப் புகையில் எருமையோடு நடக்கும் விவசாயி: இந்த இரண்டையும் பார்க்காத நடுவர் இருக்க மாட்டார். இரண்டு இடங்களிலும் கேமராவுக்காகவே கூலி வாங்கிக்கொண்டு போஸ் கொடுப்பவர்கள் உண்டு. பிஎஸ்ஏ தன் பயணப் பிரிவு வரையறையில், படமெடுப்பதற்காகவே ஏற்பாடு செய்த காட்சிகளுக்கும் கூலிக்கு அமர்த்திய ஆட்களுக்கும் இடமில்லை என்றே சொல்கிறது. சில விநாடிப் பார்வையில் அதை யார் கண்டுபிடிப்பது?

அவகாசம் எடுத்துப் பார்க்கும் பெரிய போட்டிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2009-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் 'வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் த இயர்' பட்டம் ஸ்பெயினின் ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸுக்குக் கிடைத்தது. இரவில் மரக்கதவு ஒன்றைத் தாண்டி ஓநாய் பாயும் படம். நல்ல தருணம், நல்ல ஒளி, ஒரே பார்வையில் கதை, கேட்டதெல்லாம் இருந்தது. காட்டு ஓநாய் கதவுக் கட்டைகளின் சந்தில் நுழையாமல் ஏன் தாண்டப் போகிறது என்று பிறகு சிலர் கேட்டார்கள். மாட்ரிட் அருகே ஒரு விலங்குப் பூங்காவில் பழக்கப்பட்ட ஓசியன் என்ற ஓநாயின் சாயல் அப்படியே இருப்பதாகவும் சொன்னார்கள். ரோட்ரிகஸ் மறுத்தார். ஆனாலும் 2010 ஜனவரியில் பட்டமும் 10,000 பவுண்டு பரிசும் போயின. கேமராவின் மூலக் கோப்பான ரா ஃபைலைத் திறந்து பார்த்தாலும் ஓநாய் வளர்ப்பா காடா என்று தெரியாது என்பதை நம்மூர் சலோன் அமைப்பாளர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு சேர்ந்துகொண்டது. 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், தன்னுடையது ஏஐ படம் என்று சொல்லிப் பரிசை மறுத்தார். அதைவிட யோசிக்க வைப்பது 2024-இல் நடந்தது. மைல்ஸ் ஆஸ்ட்ரே, தலையை உடலோடு மடக்கி வயிற்றைச் சொறியும் நிஜமான பூநாரை ஒன்றின் படத்தை '1839' விருதுகளின் ஏஐ பிரிவுக்கு அனுப்பினார். தலையே இல்லாததுபோல் தெரியும் அந்தப் பறவைக்கு நடுவர்கள் மூன்றாமிடம் தந்தார்கள். மக்கள் வாக்கிலும் அதுதான் வென்றது. உண்மை வெளியானதும் தகுதி நீக்கம். பழக்கமில்லாத காட்சி என்றால் பொய்யாக இருக்கும் என்று நினைக்கும் காலம் வந்துவிட்டது. 5, 2, 2 வாங்கும் படத்துக்கு அந்த இரண்டும் இனி ஒன்றாகக் குறையலாம்.

பதக்கமும் ஏஎஃப்ஐஏபி போன்ற ஃபியாப் பட்டமும் தேடுகிறவர்கள் மூலை இலையைப் பார்க்கப் பழகுவது நல்லது, அதில் தவறில்லை. ஆனால் மாற வேண்டியது அமைப்பாளர்கள் பக்கம்தான். 'நடுவர் தேர்வு' என்று தனிப் பதக்கம் கொடுக்கிறோமே என்பார்கள். அதுவும் பெரும்பாலும் வெட்டுக்கோட்டைத் தாண்டிய படங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. மூவரும் தனித்தனியே போட்ட மதிப்பெண்கள் மென்பொருளில் பதிவாகியே இருக்கின்றன. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இடைவெளி உள்ள படங்களை மட்டும் பிரித்து, கடைசியில் மறுபடி திரையில் போடலாம். 5 போட்டவர் ஏன் போட்டார் என்று இரண்டு வாக்கியம் சொல்லட்டும். மற்ற இருவரும் மாற்ற நினைத்தால் மாற்றட்டும். ஒரு பிரிவுக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் சமாளித்துவிடலாம்.