பதின்மூன்றாம் அதிகாரம்

சேலத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் பிரசங்கியார் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படிதல் பற்றிப் பவுல் சொன்னதை விளக்கியவர், போகிற போக்கில் இலங்கை அகதிகளையும் தொட்டார். சட்டப்படி வராதவர்களுக்காக ஜெபிக்கலாம், வாதாடக்கூடாது என்று முடித்தார். மாலையில் டீக்கடையில் இதைச் சொன்னபோது கவிஞ நண்பர் ஒருவர், "சரிதானே? சட்டம் சட்டம்தான். இந்தியா என்ன தர்மசத்திரமா?" என்றார். நண்பர் கடவுளே இல்லை என்பவர். பிரசங்கியாரை விட்டுவிடலாம், நண்பருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது வாசிப்புப் பிரச்னை. ஒரு கவிதையிலிருந்து நாலு வரியைப் பிய்த்து அதுதான் கவிஞனின் கொள்கை என்று யாராவது எழுதினால் நம் பத்திரிகைகளில் எத்தனை கூச்சல் போடுகிறோம். பவுல் அதிகாரம் பிரித்து எழுதவில்லை. அவர் எழுதியது கடிதம். அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. கீழ்ப்படிதல் பற்றிய வாக்கியங்களுக்குச் சற்று முன்னால் அந்நியனை உபசரிப்பதும் பசித்த எதிரிக்குச் சோறிடுவதும் வருகின்றன. பின்னால், சட்டம் முழுவதும் அயலானிடம் கொள்ளும் அன்பில் நிறைவேறுகிறது என்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் வெட்டியெடுத்தால் கிடைப்பது பவுல் அல்ல, தாசில்தார் சுற்றறிக்கை.

எழுதிய மனிதரின் வாழ்க்கை வேறு இருக்கிறது. தமஸ்குவில் தன்னைப் பிடிக்கக் காவல் வைத்தபோது கூடையில் இறங்கி மதில் தாண்டித் தப்பியவர் அவர். பிறகு எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது தன் ரோமக் குடியுரிமையை எடுத்துக்காட்டி நிறுத்தினார். கடைசியில் இராயனுக்கே மேல்முறையீடு செய்தார். அதாவது, வாதாடினார். அவருக்குப் பிறப்பால் குடியுரிமை இருந்தது. முகாமில் பிறந்த பிள்ளைக்கு அது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

'சட்டம்' என்றால் எந்த வருஷத்துச் சட்டம்? 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவன், பெற்றோர் எந்நாட்டவரானாலும், குடிமகன். அதற்குப்பின் பிறந்தவனுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3க்குப்பின் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக்கூடாது. தாரமங்கலத்துப் பெண் பவளத்தானூர் முகாம் இளைஞனைக் கட்டிக்கொண்டால், தாய் இந்தியப் பிரஜை, பிள்ளை யாருமில்லை. 2019இன் திருத்தம் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த கிறிஸ்தவர்களுக்குக்கூட வழிவிட்டது, இலங்கையைச் சேர்க்கவில்லை. லாகூர்க் கிறிஸ்தவனின் துன்பம் கணக்கில் வரும், மன்னார்க் கிறிஸ்தவனின் துன்பம் வராது. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டத்தோடு வந்த ஓர் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்தின் தண்டனையிலிருந்து விலக்கியது. 2022இல் பட்டினிக்குப் பயந்து தனுஷ்கோடி மணலில் இறங்கியவர்கள் அதற்கு வெளியே. இவற்றில் எந்த கெஸட்டில் ஆண்டவர் கையெழுத்திட்டார்?

அரசே வேண்டாம் என்பதல்ல என் வாதம். முகாம்வாசிகளே அப்படிச் சொல்லவில்லை. பரமத்தியிலும் நாகியம்பட்டியிலும் செந்தாரப்பட்டியிலும் இருப்பவர்களைவிட அதிகம் கீழ்ப்படிந்தவர்களை இந்தச் சமவெளியில் காட்டமுடியாது. கணக்கெடுப்பு நாளில் வெளியூரில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பவன் சாரத்திலிருந்து இறங்கி வந்து வரிசையில் நிற்கிறான். பெயர் கூப்பிட்டால் கை தூக்குகிறான். முகாமுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது, புது வீடுகள் எழும்பின. கை தூக்குவது நிற்கவில்லை. நாற்பது வருஷக் கீழ்ப்படிதலுக்கு இன்னும் கீழ்ப்படிதலையே உபதேசிப்பது எந்த வேதத்தில் இருக்கிறது? கேள்வி அவர்களைப் பார்த்துக் கேட்கவேண்டியதல்ல. ஓட்டும் ரேஷன் கார்டும் பேனாவும் வைத்திருக்கும் நம்மைப் பார்த்துக் கேட்கவேண்டியது.

கிறிஸ்தவன் இதில் வேறெப்படி நடந்துகொள்ள முடியும் என்பவர்கள் தொலைவில் தேடவேண்டாம். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியபோது, எதிர்த்துக் கட்சியை உடைத்து வெளியே வந்தவர் செல்வநாயகம். ஈப்போவில் பிறந்தவர், புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். பாதிக்கப்பட்டவர்கள் அவர் தொகுதிக்காரர்கள் அல்லர், பெரும்பாலும் அவர் மதத்தவரும் அல்லர். 1961 சத்தியாக்கிரகத்தில் அரசை மீறித் தனித் தபால் சேவை தொடங்கிக் காவலில் வைக்கப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் 1985இன் கைரோஸ் பிரகடனம், இந்த 13ஆம் அதிகாரத்தைக் காட்டி நிறவெறியை நியாயப்படுத்தியதை 'அரசு இறையியல்' என்று பெயர் சொல்லிக் கண்டித்தது. 2018இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல், எல்லையில் பெற்றோரைக் கைதுசெய்து பிள்ளைகளைப் பிரிக்க வழிவகுத்த தன் கொள்கைக்கு அதே அதிகாரத்தைத்தான் சாட்சிக்கு இழுத்தார். பவுல் சொன்னதைவிடப் பவுலை யார் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும்.

வாதாடுவது மீறல்கூட அல்ல. 2019இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, முகாம்களிலிருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. சட்டத்தின் படியேறித்தான் அதைக் கேட்டார்கள். ஆகவே 'வாதாடாதே' என்பது கீழ்ப்படிதலின் குரல் இல்லை. சௌகரியத்தின் குரல்.

இந்தச் சௌகரியம் நம்முடையதும்கூட. 'அகதி' என்ற சொல் இல்லாத கவிதைத் தொகுதி இன்று அபூர்வம். மொழியில் அகதி, காதலில் அகதி, சொந்த அறையில் அகதி. படிமமாக இருக்கும்வரை அவனுக்கு நம் பக்கங்களில் எல்லையற்ற குடியுரிமை. முப்பது மைலில் வரிசையில் நின்று கை தூக்குகிறவனாக ஆனதும் சட்டம் சட்டம்தான். பிரசங்கியார் நிருபத்திலிருந்து அதிகாரத்தைப் பிய்த்தார். நாம் மனிதனிடமிருந்து சொல்லைப் பிய்த்துக்கொண்டோம்.

நண்பரின் அடுத்த தொகுதிக்கு நான் மதிப்புரை எழுதப்போவதில்லை. ஒருமுறை கணக்கெடுப்பு நாளில் அவர் பவளத்தானூர் வாசலில் வந்து நிற்கட்டும். பிறகு பேசலாம்.