ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றும்

முன்னுரை

திருநெல்வேலிக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஆதிச்சநல்லூர்ப் பறம்பு, இரும்புக்கால மக்களின் பெரும் ஈமக்காடாகும். 1876இல் செருமானிய அறிஞர் யாகோர் அகழ்ந்தெடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. இந்நிலைக்கு மாறாக, தாழிகளை அகழ்குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் இட்ட களக் காட்சியகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. குயவரை விளித்துத் தாழி வனையக் கேட்கும் புறநானூற்றுப் பாடல்களைக் கற்போர், அப்பொருளை அது புதைந்த இடத்திலேயே காண்பது பெரும்பேறு. ஆயினும், இருந்த இடத்திலேயே வைத்தல் மட்டும் பாதுகாத்தல் ஆகிவிடாது.

புதைவிடச் சமநிலையின் குலைவு

மண்ணுள் இருந்தவரை தாழியைச் சூழ்ந்த வெப்பமும் ஈரமும் மிக மெதுவாகவே மாறின. அகழ்ந்த பின்னர் அச்சமநிலை குலைகிறது. கண்ணாடி மூடிய குழியில் வெப்பம் தேங்கும். மண்ணிலிருந்து எழும் ஈரம், கண்ணாடி குளிரும்போது அதன் அடிப்புறத்தில் துளிக்கும். ஒளியும் ஈரமும் கூடுமிடத்தில் பாசி படரும். இவற்றினும் மறைவான கேடு உப்பால் விளைவது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் சோற்றுப்பு கரையும். அதற்குக் கீழிறங்கினால் மீண்டும் படிகமாகும். இச்சுழற்சி நிகழுந்தோறும் சுடுமண்ணின் நுண்துளைகளில் படிகம் வளர்ந்து, தாழியின் மேற்பரப்பை உதிரச் செய்யும். வறண்ட கோடைக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் மாறிவரும் இப்பள்ளத்தாக்கில் இவ்விடர் கூடுதலாகும். குளிர்பதனக் கருவியால் காற்றை விரைந்து உலர்த்துவதும் தீர்வன்று. அது உள்ளிருக்கும் உப்பைத் தாழியின் புறத்திற்கு இழுத்துவரும். குறிப்பிட்ட ஓர் அளவை எட்டுவதைவிட, மாற்றத்தின் வேகத்தைக் குறைப்பதே முதன்மையானது.

அளவீட்டின் தேவை

பிரான்சு நாட்டின் இலாசுக்கோ ஓவியக் குகை 1940இல் கண்டறியப்பட்டு, 1948இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. பார்வையாளரின் மூச்சுக்காற்றும் விளக்கொளியும் குகையின் இயல்பைக் கெடுத்துப் பாசி படரச் செய்தமையால், 1963இல் அது மூடப்பட்டது. கேடு கண்ணுக்குப் புலப்படும் நாளில் காலம் கடந்திருக்கும் என்பதே அக்குகை தரும் பாடம்.

ஆதலின், வெளிக்காற்று, கண்ணாடியின் அடிப்புறம், தாழியின் உட்புறம், குழிமண் ஆகிய நான்கிடங்களிலும் வெப்பத்தையும் ஈரத்தையும் கால்மணிக்கு ஒருமுறை பதியும் கருவிகள் இயங்குதல் வேண்டும். மழையளவும் பார்வையாளர் எண்ணிக்கையும் அவற்றோடு ஒப்புநோக்கப்பட வேண்டும். இரு பருவமழைகளையும் உள்ளடக்கிய ஓராண்டுப் பதிவேனும் இன்றிக் காற்றோட்டத்திலோ கூரையிலோ மாற்றம் செய்தல் தகாது.

முடிவுரை

கல்வெட்டுச் சிதையுமுன் மைப்படி எடுத்துப் பதிப்பித்த மரபு தமிழாய்வுக்கு உண்டு. தாழியைச் சூழ்ந்த காற்றுக்கும் அத்தகைய படி தேவை. அவ்வளவீடுகள் அலுவலகக் கோப்பில் தங்கிவிடாமல், அகழாய்வு அறிக்கைக்கு இணையான ஆவணமாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். அப்போதுதான் தாழியில் தோன்றும் ஒவ்வொரு விரிசலும் பழமையால் வந்ததா, காட்சிப்படுத்தியதால் வந்ததா என வருங்கால ஆய்வாளர் பிரித்தறிய இயலும்.