காதிற் கேட்டதும் ஏட்டிற் கண்டதும்

பெரியோர் வரலாறு கூறுமிடத்து நம்மவரிடையே ஒரு வழக்கம் நெடுங்காலமாக நிலைத்துவிட்டது. ஒருவர் சொன்னதை மற்றொருவர் கேட்பர். கேட்டதைப் பின்னொருவர் எழுதுவர். எழுதியதைப் பாடநூல் ஏற்கும். பாடநூலில் ஏறியமையால் அது மெய்யென நிலைபெறும். மூலத்தைத் தேடிச் சென்று பார்ப்பார் ஒரு சிலரே. இக்குற்றத்துக்கு யானும் புறம்பானவன் அல்லேன்.

வங்க விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் (1858–1937) தாம் கண்ட எதற்கும் எக்காலத்தும் ஆக்கவுரிமை பெற்றாரல்லர் என்று யான் பல்லாண்டுகள் வகுப்பிற் கூறிவந்தேன். தன்னலமின்மைக்கு எடுத்துக்காட்டாக அதனைக் கட்டுரைப் பொருளாகவும் கொடுத்ததுண்டு. ஒருநாள் மாணவன் ஒருவன் ஐக்கிய அமெரிக்க ஆக்கவுரிமைப் பத்திரம் ஒன்றின் படியைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தான். இலக்கம் 755,840. விண்ணப்பித்த நாள் 1901 செப்டெம்பர் 30. வழங்கப்பெற்ற நாள் 1904 மார்ச் 29. "ஐயா, இவர் வேறொரு போஸோ?" என்று பணிவாகக் கேட்டான். இவர் அவரே. கல்கத்தா என்னும் ஊர்ப்பெயரும் அதில் இருந்தது. மாணவன் முன் யான் தலைகுனிந்த நாள் அது; ஆயினும் அன்று கற்றதுபோல் அண்மையில் யான் யாதும் கற்றதில்லை.

அப்பத்திரம் கூறுவது என்ன? கலீனா என்னும் ஈயக் கனியத்தின்மீது கூர்முனையொன்று பட்டிருக்க, மின்னலைகளை உணர்ந்து காட்டும் கருவியை அது விவரிக்கின்றது. இன்றைய வானொலி முதல் கணினி ஈறாகிய கருவிகட்கெல்லாம் உயிராயுள்ள குறைகடத்திகளின் வரலாற்றிலே இதற்கு முன்னணி இடமுண்டு. திரான்சிற்றரைக் கண்ட மூவருள் ஒருவராகிய பிராட்டேன், பியர்சன் என்பாரோடு சேர்ந்து 1955 இல் எழுதிய கட்டுரையில் போஸின் இம்முதன்மையை ஏற்றுக்கொண்டார்.

அதனினும் என் கருத்தைக் கவர்ந்தது தலைப்பின்கீழ் உள்ள ஒரு வரி. இவ்வாக்கத்தின் உரிமையிற் சரிபாதி, மசச்சூசெற்றிலுள்ள கேம்பிரிட்ஜ் என்னும் ஊரைச் சேர்ந்த ஸாரா சாப்மன் புல் என்பாருக்கு உடைமையாக்கப்பட்டது என்கின்றது அவ்வரி. இவ்வம்மையார் நோர்வே நாட்டு வயலின் வித்தகர் ஓலே புல் என்பவரின் கைம்பெண். சுவாமி விவேகானந்தரின் மாணாக்கி. அவரால் 'தீரமாதா' என அழைக்கப்பெற்றவர். போஸின் சரிதம் கூறும் பல நூல்கள் இவர் பெயரை விட்டுவிடுகின்றன. அரசாங்கப் பதிவேடோ பாதிப் பங்காளியென்று நிலைநிறுத்தி வைத்திருக்கின்றது.

ஆயின், பதிவேடு எல்லாவற்றையும் கூறுமோ? கூறாது. சகோதரி நிவேதிதை பெயர் அப்பத்திரத்தில் இல்லை. எனினும் புல் அம்மையாரும் நிவேதிதையும் வற்புறுத்தியமையாலேயே போஸ் விண்ணப்பத்துக்கு இசைந்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். 1901 மே மாதம் இலண்டனிலே தந்திக் கம்பனி உரிமையாளர் ஒருவர் தம்மை அணுகி, சொற்பொழிவில் யாவற்றையும் வெளியிடவேண்டாம், ஆக்கவுரிமை பெற்றுப் பொருள் ஈட்டலாம் என்று ஆசைகாட்டியதையும், தாம் அதற்கு இணங்காமையையும் போஸ் கவி தாகூருக்கு எழுதிய கடிதத்திற் காணலாம். கடிதத்தை மட்டும் படித்தவன் ஆக்கவுரிமையே இல்லையென்பான்; பத்திரத்தை மட்டும் படித்தவன் அவரும் வணிகரென்பான். இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பவனுக்கே மனிதர் புலப்படுவார்: விரும்பாது பெற்றார், பெற்றும் அதனாற் பொருளீட்ட முயன்றாரல்லர். அவர் புகழ் இதனாற் குறைந்ததோ? இல்லை. பொய்த்தூணை நீக்கி மெய்த்தூணை நிறுத்தினோம், அவ்வளவே.

இம்முறை தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டு மூலத்தைத் துணிவது நம் பதிப்பாசிரியர் வழி. வணிகத் தொடர்பைப் பலரறியப் பொறித்துவைத்தலும் பழையதே. சுமாத்திராவின் பாரூஸிற் கிடைத்த 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் கூட்டத்தாரின் ஏற்பாட்டைக் கூறுவது. அக்காலத்துக் கல் செய்த பணியை இக்காலத்துப் பதிவேடு செய்கின்றது.

நம் நாட்டிலும் இவ்வாயில்கள் திறந்தேயுள்ளன. கம்பனிகளின் பணிப்பாளர் யாவர் என்பதை 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பேணப்படும் பதிவுகள் கூறும். ஆக்கவுரிமைகள் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ்ப் பதியப்படும். பொது அதிகாரசபைகளின் ஆவணங்களைக் கேட்டறியும் உரிமையை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் நமக்கு அளித்துள்ளது. பழந்தமிழ் நூல்களின் முகப்பேடோ நம் கைக்கே எட்டுவது; பதிப்பித்தவர், அச்சிட்டவர், பொருளுதவியவர் என நூலாசிரியரைச் சூழ்ந்து நின்றாரை அது காட்டும். ஆயினும் அயலார் மறைவை ஆராய்ந்து புறங்கூறுதற்கு இவ்வாயில்கள் அல்ல. உழைத்தவர் பெயர் உழைத்தவர்க்கே சேரவேண்டும் என்பதற்கே அவை வேண்டும்.

ஆவணமும் அழியக்கூடியது. 1836 டிசெம்பர் 15 இல் வாஷிங்டனில் ஆக்கவுரிமை அலுவலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழப் பதினாயிரம் பத்திரங்கள் எரிந்தன. ஆக்கியோர் தத்தம் வீட்டிற் பேணிய படிகளைக் கொணர, 2,800க்கு மேற்பட்டவை மீட்கப்பட்டன. வீட்டுப் பெட்டியிற் கிடந்த தாள் நாட்டின் நினைவைக் காத்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த நமக்கு இச்செய்தியை விரித்துரைத்தல் வேண்டா.

ஆதலால் ஆசிரியப் பெருமக்கட்கு யான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்று. மாணவரிடம் ஒரு பெரியாரைப் பற்றிக் கட்டுரை கேட்கும்போது, அவரைப் பற்றிய மூல ஆவணம் ஒன்றையேனும் கண்டு எழுதுமாறு பணியுங்கள். வீட்டிலுள்ள பழைய உறுதி, பற்றுச்சீட்டு, கணக்கேடு, நூன்முகப்பு ஆகியவற்றைப் படியெடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர்களுள் ஒருவன் ஒருநாள் உங்கள் மேசைமீது ஒரு தாளை வைத்து உங்களைத் திருத்தக்கூடும். திருத்தினால் மகிழுங்கள், அன்றே நீங்கள் கற்பித்தது பலித்தது.